இத்தாலியன் தக்காளி சாஸ்: எங்கே சொதப்புகிறோம்?

நேபிள்ஸ் பக்கம் வீட்டில் சாதாரணமாக வைக்கும் தக்காளி சாஸுக்கு வேண்டியவை: தக்காளி, ஆலிவ் எண்ணெய், பூண்டு அல்லது வெங்காயம், உப்பு, நாலு பேசில் இலை. அவ்வளவுதான். நம் வீடுகளில் இதோடு மிளகாய்த்தூள், கெட்சப், சர்க்கரை, கார்ன்ஃபிளவர், பீட்சாவோடு வந்து சேர்ந்த ஆரிகானோ பாக்கெட்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகிறது. தக்காளி சரியில்லை, அதனால் புளிக்கிறது, அதனால் சர்க்கரை, சர்க்கரை தூக்கலாகிவிட்டது, அதனால் காரம் என்று ஒன்றைச் சரிக்கட்ட இன்னொன்று. கடைசியில் எல்லா ருசியும் இருக்கும், தக்காளி ருசி மட்டும் இருக்காது.

ஆகவே தக்காளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இத்தாலியில் பெயர் பெற்றது சான் மார்சானோ ரகம். வெசுவியஸ் எரிமலைக்குப் பக்கத்தில் சார்னோ, நொச்சேரா ஊர்களைச் சுற்றி விளைகிறது. நீளமாக இருக்கும், சதை அதிகம், விதை குறைவு, அதனால் வற்றவைக்க வேண்டிய தண்ணீரும் குறைவு. 1996 முதல் அதற்கு டிஓபி என்ற பாதுகாக்கப்பட்ட பெயர் உண்டு. டின்னில் வெறுமனே சான் மார்சானோ என்று எழுதியிருந்தால் அது அந்த ரகத்தை வேறு எங்கோ வளர்த்ததாகவும் இருக்கலாம், சிவப்பும் மஞ்சளுமான டிஓபி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது, நல்ல டின் தக்காளி எதுவானாலும் போதும்.

டின் என்றதும் முகம் சுளிப்பதே ஒரு தவறு. இத்தாலியர்களே கோடை முடிந்தபின் டின் தக்காளியையும், பாசாட்டா என்று பாட்டிலில் வரும் வடிகட்டிய தக்காளிச் சாற்றையும்தான் எடுக்கிறார்கள். தெற்கில் ஆகஸ்ட் வாக்கில் குடும்பமாகக் கூடி, வருஷத்துக்கு வேண்டிய தக்காளிச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பழுத்த பருவத்தில் அடைத்த தக்காளி, பருவமில்லாத காலத்துப் பச்சைவெட்டான தக்காளியைவிட எவ்வளவோ மேல். ஆனால் வாங்கும்போது முழுத் தக்காளியாக வாங்குங்கள். துண்டு போட்ட தக்காளியில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்ப்பார்கள், துண்டு கரையாமல் நிற்பதற்காக. சாஸில் நமக்கு வேண்டியதே கரைவதுதானே.

நம் சந்தைத் தக்காளியிலும் நன்றாகவே செய்யலாம். பெங்களூர் தக்காளியில் சதை உண்டு, ருசி கம்மி. நாட்டுத் தக்காளியில் ருசி உண்டு, ஆனால் புளிப்பும் தண்ணீரும் ஜாஸ்தி. இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் சரியாக வரும் என்பது என் கணக்கு. கை வைத்தால் மெத்தென்று இருக்கும் அளவுக்குப் பழுத்திருக்க வேண்டும்.

அப்புறம் மிக்ஸி. தயவுசெய்து வேண்டாம். காற்று உள்ளே புகுந்து சிவப்பு மங்கி ஒரு வெளிறிய ஆரஞ்சாகிவிடும், விதை அரைபட்டுக் கசப்பும் இறங்கும். டின் தக்காளி என்றால் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கையாலேயே பிசையுங்கள். புதுத் தக்காளி என்றால் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காய் துருவியில் தேயுங்கள், தோல் மட்டும் கையில் மிஞ்சும். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை வழித்துக் கொட்டாதீர்கள், தக்காளியின் உமாமி ருசி, அதாவது நாக்கில் நிற்கும் அந்த ஆழமான சுவை, சதையைவிட அதில்தான் அதிகம்.

பூண்டில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நம் கை பழகியது எண்ணெய் காய்ந்தபின் போட்டுச் சிவக்க வதக்குவது, இங்கே அது உதவாது. கடாயில் எண்ணெய் சூடாகும் முன்பே, கத்தியின் தட்டைப் பக்கத்தால் நசுக்கிய இரண்டு பல்லைப் போட்டு அடுப்பைச் சிறு தீயில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பல்லைச் சுற்றி ஊசிமுனை அளவு குமிழ்கள் வரும், ஓரம் லேசாகப் பொன்னிறம் தட்டும், வாசனை எழும். அந்த நொடியில் தக்காளியை ஊற்ற வேண்டும். இன்னும் அரை நிமிடம் விட்டால் பழுப்பேறும், அந்தக் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது, எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதுதான் நல்லது. பரிமாறும் முன் பல்லை எடுத்துவிடுவார்கள். வெங்காயம் போட்டால் பூண்டு வேண்டாம் என்பது பல இத்தாலிய வீடுகளின் பழக்கம், நானும் அந்தக் கட்சிதான்.

இஞ்சிபூண்டு விழுது, தேவையில்லை. நல்லெண்ணெய், அதன் வாசனை தக்காளியை அமுக்கிவிடும். ஆலிவ் எண்ணெய் கைக்கு எட்டவில்லையா, வாசனையில்லாத எண்ணெயோடு ஒரு கட்டி வெண்ணெய் போடுங்கள். காரம் வேண்டும் என்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், 1690களில் நேபிள்ஸில் அச்சான தக்காளி சாஸ் குறிப்பிலேயே மிளகாய் இருக்கிறது, ரோமில் அராபியாட்டா என்று காரமாகவே ஒரு சாஸ் உண்டு. ஆனால் மிளகாய்த்தூள் வேண்டாம், காய்ந்த மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் பூண்டோடு எண்ணெயில் போட்டால் போதும்.

பேசிலுக்குப் பதில் துளசி போடுவது அடுத்தது. துளசி வேறு செடி, கொதித்தால் கஷாய வாசனைதான் வரும். நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலை இருக்கிறதே, சப்ஜா விதை தரும் செடி, அது பேசிலின் அதே இனம். மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் இரண்டே இலை. எதுவானாலும் அடுப்பை அணைக்கும்போது கையால் கிள்ளிப் போடுங்கள், ஆரம்பத்திலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். உலர்ந்த ஆரிகானோவை மரினாரா மாதிரி பூண்டு தூக்கலான தக்காளி சாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றிலும் கொட்ட வேண்டாம்.

பாத்திரம் அகலமாக இருக்கட்டும். குக்கரில் வைத்தால் தண்ணீர் வெளியேறவே வழியில்லை, வேகுமே தவிர வற்றாது. பூச்சில்லாத அலுமினியம், இரும்பு இரண்டும் தக்காளிப் புளிப்போடு சேர்ந்து உலோகச் சுவை தரும், எவர்சில்வர் நல்லது. 400 கிராம் டின் ஒன்றுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடம் ஒரு கணம் நின்று மெல்ல மூட வேண்டும், ஓரத்தில் எண்ணெய் ஆரஞ்சு முத்தாகத் தெரிய வேண்டும். அதற்கு மேல் விட்டால் தொக்காகிவிடும். மணிக்கணக்கில் கொதிப்பது இறைச்சி போட்ட ராகூ, அது வேறு சமையல். நேபிள்ஸ் பீட்சாவுக்கோ சாஸை வேகவைப்பதே இல்லை, பிசைந்த தக்காளியில் உப்பு போட்டு அப்படியே தடவுகிறார்கள், மீதியை அடுப்பின் சூடு பார்த்துக்கொள்ளும்.

புளிக்கிறது என்றதும் சர்க்கரை டப்பாவைத் தேடாதீர்கள். முதலில் உப்பு சரியா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிறகும் புளித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு ஸ்பூன் வேண்டாம். சமையல் சோடா போட்டால் புளிப்பு போகும், கூடவே தக்காளியின் உயிரும் போகும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசி, தட்டில் போட்டு, மேலே சாஸை ஊற்றினால் ஒட்டாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீரில் எண்ணெய் விட வேண்டாம். வேக இரண்டு நிமிடம் இருக்கும்போதே எடுத்து சாஸில் போட்டு, வேகவைத்த தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டுங்கள். அதில் இருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் தக்காளியையும் சேர்த்துப் பிடித்து பாஸ்தா மேல் பூசும்.

மிஞ்சிய சாஸை இரவு முழுக்க அடுப்பு மேடையில் விட்டுவிடாதீர்கள். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் பேசிலை இப்போது போடாமல், திரும்பச் சூடாக்கும்போது போடுங்கள்.