பாண்டா அங்கே இல்லை: சிங்கப்பூர் ஜூவுக்குக் கிளம்பும் சென்னைக்காரர்கள் செய்யும் தவறுகள்

வண்டலூர் 602 ஹெக்டேர், சிங்கப்பூர் ஜூ 28 ஹெக்டேர்தான். அதனால் ரெண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. தப்புக் கணக்கு. வண்டலூரில் ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு நடப்பதிலேயே பொழுது போய்விடும். சிங்கப்பூர் ஜூ இருக்கும் மண்டாயில் நடை குறைவு, நிற்பது அதிகம். பெரும்பாலான இடங்களில் கம்பி வேலி கிடையாது. செடிகளுக்குள் மறைந்திருக்கும் அகழிதான் தடுப்பு. ஒராங்குட்டான் தலைக்கு மேலே கயிற்றில் போகும். வலை போட்ட காட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால், கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பழந்தின்னி வௌவால் தலைகீழாகத் தொங்கியபடி பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. சாறு சொட்டுவதுகூடத் தெரிந்தது. அதை விட்டு எப்படி நகர்வது? காலை எட்டரைக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள்.

அதற்காக இறங்கிய அன்றே போய்விடாதீர்கள். இதுதான் நம் ஊர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு. ராத்திரி மீனம்பாக்கத்தில் ஏறினால் நாலு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடிந்து இறங்கும்போது தூக்கம் பாதிதான் மிச்சம். ஹோட்டல் அறை மதியம்தான் கிடைக்கும், அதுவரை ஜூவைப் பார்த்துவிடலாம் என்று போனோம். ஒராங்குட்டான் எதிரே வந்து உட்கார்ந்தபோது என் பையன் தள்ளுவண்டியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். இன்றுவரை ஃபோட்டோவில்தான் பார்க்கிறான்.

டிக்கெட் விஷயம். ஜூ, ரிவர் வொண்டர்ஸ், நைட் சஃபாரி, பேர்ட் பாரடைஸ் எல்லாம் மண்டாயிலேயே இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவு. ஜூ டிக்கெட்டோடு போய் பாண்டாவைத் தேடாதீர்கள், அது ரிவர் வொண்டர்ஸில். பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஜூரோங் பறவைப் பூங்காவுக்கும் போக வேண்டாம்; 2023 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும். 1994-ல் தொடங்கிய நைட் சஃபாரி, உலகின் முதல் இரவு நேர விலங்குப் பூங்கா. அதை இன்னொரு நாளைக்கு வையுங்கள், அங்கே ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். ஜூ மாலை ஆறுக்கு மூடும், நைட் சஃபாரி ஏழே காலுக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் குழந்தைகள் படுத்தும் பாடு போதும்.

டாக்ஸிதான் வழி என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் 138-ம் எண் பஸ் ஜூ வாசலுக்கே போகும். பேங்க் கார்டைத் தட்டியே ஏறலாம். ஆனால் ஒரே கார்டைக் குடும்பமே தட்ட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும்.

அரையாண்டு லீவுக்குப் போகிறவர்களுக்கு: நம்மை நனைக்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் அங்கேயும் உண்டு. மதிய இடியும் சேர்ந்து வரும். குடையைவிட ரெயின்கோட் நல்லது. வழியில் குரங்கு கண்ணில் பட்டால் வாழைப்பழத்தை நீட்டிவிடாதீர்கள், காட்டு விலங்குக்குத் தீனி போடுவது அங்கே அபராதத்துக்குரிய குற்றம்.

கடைசியாக ஒன்று, தமிழ் யாருக்கும் புரியாது என்ற நினைப்பு. அது அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. வீட்டில் கேன் தண்ணீர் குடித்தே பழகிய என் நாத்தனார், நான் குழாயில் பாட்டிலை நிரப்புவதைப் பார்த்து, "குழாய்த் தண்ணியக் குடிச்சு வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று சத்தமாகவே கேட்டாள். பின்னால் வரிசையில் நின்ற உள்ளூர் அம்மா ஒருவர் தமிழிலேயே சொன்னார்: "பொறந்ததுலேர்ந்து நாங்க அதத்தாம்மா குடிக்கிறோம்."