நாடகத்தை நிறுத்தச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்: வீதி நாடகக் குழுக்களுக்கு

வீதி நாடகத்தையோ பறையாட்டத்தையோ பாதியில் நிறுத்த வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் எந்த உத்தரவும் இருக்காது. "பர்மிஷன் இருக்கா? கிளம்புங்க" என்ற வாய்வார்த்தைதான். அதை எழுத்துக்குக் கொண்டுவர வைப்பதுதான் உங்கள் வேலை.

சென்னையில் என்றால் மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, கூட்டம் நடத்த 5 நாள் முன்பே போலீஸிடம் விண்ணப்பிக்கச் சொல்கிறது. நீங்கள் 10, 15 நாள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், மறுத்தால் நீதிமன்றம் போக நாள் வேண்டுமே. இடம், நேரம், எத்தனை பேர், நடந்து போகிறவர்களுக்கு எப்படி வழிவிடுவீர்கள் என்பதெல்லாம் மனுவில் இருக்கட்டும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவையே அவர்கள் வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

கதைவசனத்தைக் காட்டச் சொன்னால்? முன்தணிக்கைக்கு வழிவைத்த 1954-ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்துவிட்டது. அதற்கு மூலமான 1876-ஆம் ஆண்டு வெள்ளையர் சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஸ்டேஷனில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நம்பாமல் தீர்ப்பின் பிரதியைப் பையில் வைத்திருங்கள். என்ன பேசப்போகிறோம் என்பதை முன்கூட்டியே ஒப்படைக்கிற பழக்கத்துக்குத் திரும்பவே கூடாது.

மைக் வைத்தால் தனியாக எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படி. முடிந்தவரை மைக் இல்லாமலே ஆடுங்கள், பறைக்கு எதற்கு மைக்? ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் இசைக்கருவிக்கும் தடை உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் பக்கம் 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள்.

சரி, அன்றைக்குப் போலீஸ் வந்துவிட்டது. நடிக்காத ஒருவர் மட்டும் முத்திரையிட்ட நகலோடு முன்னால் போய்ப் பேசட்டும், இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று மறைக்காமல் வீடியோ எடுக்கட்டும். "144 போட்டிருக்கு" என்றால் அந்த உத்தரவின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள், நகலும் கேளுங்கள். இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 163-ஆவது பிரிவு, உத்தரவு எழுத்தில் இருந்தாக வேண்டும். கூட்டத்தைத் தூண்டிவிட்டுக் கத்த வேண்டாம், அப்புறம் அதையே காரணமாக எழுதுவார்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

அனுமதி மறுத்துக் கடிதம் வந்தால் சோர்ந்துபோகாதீர்கள். அதிலுள்ள காரணத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். வேறு இடத்தில் ஆடிக்கொள்ளலாம் என்று உடனே ஒத்துக்கொள்ளாமல், தடுத்த அதே தெருவுக்கே கேளுங்கள்.