சித்திரை வெயிலில் ஆளைக் காணாத உணரி

தஞ்சாவூரில் ஒரு கண்காட்சிக் கூடத்தின் தரையில் காவிரிப் படுகையின் வரைபடத்தைப் புரொஜெக்டர் வழியே விழச்செய்து, பார்வையாளர் கல்லணைப் பகுதியில் வந்து நின்றதும் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு ஆகிய நான்கும் ஒவ்வொன்றாக ஒளிரும்படி அமைத்திருந்தோம். காலையில் ஒழுங்காக இயங்கிய இவ்வமைப்பு, சித்திரை மாதப் பிற்பகல்களில் ஆள் வந்தாலும் அசைந்து கொடுக்கவில்லை.

காரணம், ஆள் வருவதை அறிய நாங்கள் பொருத்தியிருந்த பி.ஐ.ஆர். உணரியின் (உடல் வெப்பத்தைக் கொண்டு அசைவை அறியும் கருவி) இயல்பிலேயே இருந்தது. உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிருக்கும் பின்னணியிலிருந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு அதன் பார்வைக்குள் நகர்ந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். கூடத்தின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த வேறுபாடு பெரிதும் மங்கிவிடுகிறது. அசையாமல் நின்று படிப்பவரை அது எந்தப் பருவத்திலும் சரியாக அறியாது. மாடிப்படி விளக்குக்கு அது போதும் என்பது வேறு விஷயம்.

ஆகவே, ஒலியை அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி உணரியைக் கூரையில் கீழ்நோக்கிப் பொருத்தி, அளக்கப்படும் தூரம் தரையின் தூரத்தைவிடத் தெளிவாகக் குறைந்தால் ஆள் இருப்பதாகக் கொள்ளும்படி நிரலை மாற்றினேன். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். மூன்று மீட்டர் உயரத்தில் இதனால் வரும் பிழை சில சென்டிமீட்டர்தான் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை. தலைமுடியும் பருத்தித் துணியும் ஒலியை உறிஞ்சிவிடுவதே உண்மையான தொல்லை. வெறுந்தரை எப்போதும் எதிரொலி தரும் என்பதால், எதிரொலி வராமல் போவதையும் ஆள் நிற்பதாகவே கணக்கிடச் செய்ததும் ஆறுகள் பிற்பகலிலும் தவறாமல் ஒளிர்ந்தன.