ரெக்கார்டிங்குக்குத் தனி டிரைவ்

கணினியில் ஒலிப்பதிவு பாதியில் நின்றுபோனால் பலரும் டிஸ்க்கின் வேகத்தைத்தான் திட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ (ஒற்றைச் சேனல்) டிராக்குக்கு நொடிக்கு 144 கிலோபைட். 24 டிராக் சேர்ந்தாலும் மூன்றரை மெகாபைட்தான். பழைய டிஸ்க்கே தாங்கும். தொல்லை வேறு இடத்தில். சுழலும் டிஸ்க்கில் தகவலைப் படித்து எழுதும் அதே ஹெட் விண்டோஸுக்கும் ஓட வேண்டும், உங்கள் டிராக்குகளுக்கும் ஓட வேண்டும். அதனால் பதிவுகளுக்குத் தனி டிரைவ் வையுங்கள். ஒரே டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்துப் பயனில்லை, ஓடுவது அதே ஹெட்தானே!

அப்புறம், பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க் அணையும் நேரத்தை 0 ஆக்குங்கள், அதாவது அணையவே கூடாது. இடைவேளையில் தூங்கிப்போன டிஸ்க் மறுபடி சுழன்றெழச் சில நொடிகள் ஆகும். பதிவு ஃபோல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்தும் விலக்கிவிடுங்கள். எஸ்எஸ்டி (சுழலாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் ஹெட் தொல்லையே இல்லை. முழுக்க நிரம்ப மட்டும் விடாதீர்கள்.