தின்னர் புழங்குபவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு மாதிரி கொடுப்பது எப்படி

மதுரை கே. புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளிலும் நகரத்து டிங்கரிங் பட்டறைகளிலும் வண்ணம் அடிப்பவர்கள் கையாளும் தின்னர்கள் பலவற்றில் டொலுயீன் என்னும் கரைப்பான் கலந்திருக்கிறது. அது உடலில் எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சிறுநீரைக் கொண்டு மதிப்பிடலாம். ஆனால் தவறான நேரத்தில் தவறான பொருளை அளந்தால் செலவழித்த காசு வீண்.

மூச்சு வழியாகவும், ஓரளவு தோல் வழியாகவும் நுழையும் டொலுயீனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாற்றமின்றி மூச்சிலேயே வெளியேறிவிடுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதலில் பென்சைல் ஆல்கஹாலாகவும், பிறகு பென்சால்டிஹைடாகவும், அதன்பின் பென்சாயிக் அமிலமாகவும் மாற்றி, கிளைசின் என்னும் அமினோ அமிலத்துடன் இணைத்து, ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதி மட்டும் ஆர்த்தோ கிரெசால் ஆகிறது.

அளவில் மிகுந்திருப்பதால் ஹிப்யூரிக் அமிலத்தையே அளக்கலாம் எனத் தோன்றும். அங்கேதான் சிக்கல். ஊறுகாய், சாஸ், குளிர்பானம் ஆகியவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோவேட்டும் இதே அமிலமாகவே வெளியேறுகிறது. தேநீரும் காப்பியும் பழங்களும்கூட அதன் அளவை உயர்த்துகின்றன. வேலைக்கு நடுவே நான்கைந்து முறை டீ குடிக்கும் நம் ஊர்த் தொழிலாளியிடம், டொலுயீன் குறைவாக இருக்கும்போது, இந்த எண்ணை நம்ப முடியாது. ஆகவே, ஆர்த்தோ கிரெசாலை அளக்கும் ஆய்வகத்தையே நாடுங்கள். புகையிலைப் புகையிலும் அது உண்டு என்பதால், புகைப்பழக்கம் இருந்தால் படிவத்தில் குறிப்பிடுங்கள்.

மாதிரியை அன்றைய வேலை முடிந்தவுடன் கொடுக்க வேண்டும். மறுநாள் காலைவரை காத்திருந்தால் பெரும்பகுதி கழிந்துபோயிருக்கும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பட்டறைத் துணியை மாற்றி, தின்னர் வாடை இல்லாத இடத்தில் மாதிரியைப் பிடித்து, குப்பியை இறுக மூடுங்கள். தண்ணீர் குடித்த அளவுக்கேற்ப சிறுநீர் நீர்த்துப்போகும் என்பதால், தசைகளிலிருந்து ஏறத்தாழ ஒரே சீராகச் சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினினையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். மாதிரி கொடுக்கும் நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் மதுவைத் தவிர்ப்பது அவசியம். கல்லீரல் டொலுயீனை மாற்றும் வேகத்தை அது குறைப்பதால், கரைப்பான் இரத்தத்தில் அதிக நேரம் தங்கியிருக்கும்போதே சிறுநீர் குறைந்த அளவைக் காட்டக்கூடும்.

தொழிலிடச் சுகாதார அளவுகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்காவின் ஏ.சி.ஜி.ஐ.எச். (ACGIH) அமைப்பு ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 0.3 மில்லிகிராம் ஆர்த்தோ கிரெசால் என்பதை வழிகாட்டு அளவாகக் கொள்கிறது. அதைத் தாண்டினால் முதலில் பட்டறையின் காற்றோட்டத்தையும் முகமூடியையும் பாருங்கள். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் துணி முகமூடியும் ஆவியைத் தடுக்கா. ஆவியை ஈர்த்துப் பிடிக்கும் செயலூட்டிய கரி (activated carbon) அடைத்த கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடியே வேண்டும், கரியையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும். தின்னரால் கை கழுவும் வழக்கத்தையும் விட்டுவிட்டு, சில வாரங்கள் கழித்து இதே முறையில், வார இறுதியை ஒட்டிய வேலைநாள் ஒன்றில், மீண்டும் மாதிரி கொடுத்து இரண்டு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.