சுகப்பிரசவத் தையல் வலிக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

குழந்தை பிறக்கும்போது பிறப்புறுப்பில் வெட்டித் தைத்திருந்தால், முதல் 24 மணி நேரம் குளிர் ஒத்தடம்தான் நல்லது. ஐஸ் கட்டியை சுத்தமான துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், நேரடியாக வேண்டாம். மறுநாளிலிருந்து அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, 10 முதல் 15 நிமிடம், தினம் இரண்டு மூன்று முறை உட்காரலாம். அப்புறம் மெல்ல ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள்.

ஏற்காட்டுக் குளிரில் வீட்டுப் பெரியவர்கள் சுடச்சுட வெந்நீர் ஊற்றச் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் தையல் இடம் வெந்துவிடும். மஞ்சள், எண்ணெய் எதையும் புண்ணில் தடவ வேண்டாம்.

சிறுநீர் எரிந்தால், கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும். கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னாக. நாப்கினை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சேலம் வெயிலில் அது மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும், முக்கும்போது வலி உயிர் போகும். தண்ணீர், கீரை, பழம் தாராளமாகக் கொடுங்கள். பாலூட்டும் தாய் டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போடலாம். தையல் நூல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே கரைந்துவிடும்.

காய்ச்சல், துர்நாற்றம், சீழ், தையல் பிரிதல், கூடிக்கொண்டே போகும் வலி, அதிக ரத்தப்போக்கு: இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. ஏற்காடு மலைக் கிராமமென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கவே நேரமாகும், 108-ஐ அழையுங்கள்.