பல்லாங்குழியும் சொங்காக்கும்: ஒரே 14 குழியில் இரண்டு ஆட்டம்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டில் பல்லாங்குழிப் பலகை இருந்தது. பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) சொங்காக் என்ற மலாய் ஆட்டத்தின் பலகை. இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி. ஒரே ஆட்டம்தானே என்று அவர் பிள்ளைகளோடு ஆட உட்கார்ந்தேன். நான் வலப்பக்கமாகக் காய் போட, அவர்கள் இடப்பக்கமாகப் போட, கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை, விதிதான் வேறு. அதனால் முதல் காயைத் தொடும் முன்பே எந்த ஆட்டம் என்று பேசிக்கொள்ளுங்கள்.

பலகை இல்லையென்றால் 14 அறை உள்ள ஐஸ் தட்டு போதும். ‘சாகா’ என்கிற மரத்தடியில் கிடக்கும் மஞ்சாடி விதை பார்க்க அழகு, ஆனால் விரலில் வழுக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் புளியங்கொட்டையே நல்லது. 98 எண்ணி வையுங்கள், இரண்டு ஆட்டத்துக்கும் போதும்.

முதலில் பல்லாங்குழி

குழிக்கு 5 காய், மொத்தம் 70. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டு, எதிர் வரிசை வழியாகச் சுற்றி வாருங்கள். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி காலியா? அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு எதிராளி முறை. சேர்ந்தாற்போல் இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடைக்காது.

சரியாக ஆடுகிறோமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இடது ஓரக் குழியில் தொடங்குங்கள். ஐந்து முறை அள்ளிய பிறகு, கடைசிக் காய் உங்கள் நான்காம் குழியில் விழும். ஐந்தாம் குழி காலியாக இருக்கும். துடைத்தால் ஆறாம் குழியில் 7 காய். அந்த 7 வரவில்லையென்றால் எங்கோ ஒரு குழியில் இரண்டு காய் சேர்ந்து விழுந்திருக்கிறது. மறுபடி அடுக்கி ஆடிப் பாருங்கள்.

ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் சரியாக 4 காய் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். சில வீடுகளில் துடைக்கும்போது எதிர்க்குழிக் காயும் சேர்த்துக் கிடைக்கும், குழிக்கு 6 காய் வைப்பவர்களும் உண்டு. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்து சொங்காக்

1989-இல் வந்த 10 சென் காசு கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள், இந்தப் பலகைதான். இரு முனையிலும் பெரிய குழி இருக்கும், அதன் பெயர் ‘ருமா’, வீடு. மக்சிக் வீட்டு வழக்கப்படி இடக்கைப் பக்கத்து வீடு நம்முடையது. ஐஸ் தட்டில் ஆடினால் இரு பக்கமும் கிண்ணம் வையுங்கள்.

குழிக்கு 7 காய். இடப்பக்கமாகப் போட்டு, நம் வீட்டிலும் ஒன்று போட வேண்டும். எதிராளி வீட்டைத் தாண்டிவிட வேண்டும். கடைசிக் காய் நம் வீட்டில் விழுந்தால் மறுபடி நம் முறை. காய் உள்ள குழியில் விழுந்தால் அதையே அள்ளித் தொடரலாம். நம் பக்கத்துக் காலிக் குழியில் விழுந்தால் நேரெதிர்க் குழிக் காய் நமக்கு. எதிராளி பக்கத்துக் காலிக் குழி என்றால் முறை போய்விடும். வலது ஓரக் குழியில் தொடங்குங்கள்: ஏழாவது காய் சரியாக வீட்டில் விழும்.

மறுபடி பல்லாங்குழிக்கு வருவோம், அது முடியும் விதம் இது: ஒருவர் வரிசை காலியானதும் அந்தச் சுற்று முடியும், எதிர் வரிசையில் மிஞ்சியது எதிராளிக்கு. பிறகு ஜெயித்த காயை வைத்துக் குழிக்கு 5 நிரப்ப வேண்டும். நிரப்ப முடியாத குழியில் யாரும் காய் போடக்கூடாது. என் அத்தை அதில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை வைப்பார். மூன்று குச்சியோடு தொடங்கிய சுற்றில் அவர் என்னை ஜெயித்ததுண்டு.